எரிய வேண்டிய விளக்கு

அந்த வண்டியை இழுத்துக்கிட்டு வந்து என் ஷெட் வாசல்ல இறக்கினப்போ காலையில மணி பத்து இருக்கும். தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. பின்பக்கம் மொத்தமா நசுங்கிப்போய், டிக்கி பின் சீட்டைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. முன்பக்கத்துல ஒரு கீறல்கூட இல்லை. ஹெட்லைட்டு, நம்பர் பிளேட்டு எல்லாம் அப்படியே இருந்துச்சு. முன்னாடி நின்னு பார்த்தா, ஓட்டிட்டு வந்தவங்க இப்பத்தான் இறங்கி டீ குடிக்கப் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கலாம்.

ஓட்டினவங்க செத்து நாற்பத்தொரு நாள் ஆச்சு.

நான் கார்களுக்கு வயரிங் பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமா இதே ஷெட்டு, இதே வேலை. எப்பவும் கையில கரண்ட் பார்க்கிற மீட்டரோட திரியறதால எனக்குப் பேரே மீட்டர்னு ஆகிப்போச்சு. கோவம் வந்தா என் பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவா. வாய் எனக்கு கொஞ்சம் ஜாஸ்தி. நான் கண்டுபிடிக்காத ஃபால்ட்டே கிடையாதுன்னு பத்து பேர் நிக்கிற இடத்துல சத்தமா சொல்லுவேன். அந்த வாயை வெச்சுக்கிட்டு இப்போ இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

வண்டியோட கூடவே வந்தவர் அக்காவோட வீட்டுக்காரர். அக்கான்னா கூடப்பிறந்தவங்க இல்லை. கடைத்தெருவுல மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தாங்க, கண்ணும் அவங்களே டெஸ்ட் பண்ணுவாங்க. எல்லாரும் கண்ணாடிக்கடை அக்கான்னு சொல்லுவோம். அவருக்கு பஸ் டிப்போவுல டைம்கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, எத்தனை நிமிஷம் லேட்டுன்னு நாள் பூரா எழுதுறவர். அன்னைக்கு கையில குடை இருந்தும் விரிக்காம நனைஞ்சுக்கிட்டு நின்னாரு.

வண்டியை ரிப்பேர் பண்ண வேணாம்னாரு. ஏன் நின்னுச்சுன்னு மட்டும் தெரியணுமாம்.

மலைப்பாதையில ஒரு நீள சுரங்கம் இருக்கு. அதுக்குள்ள அக்கா போய்க்கிட்டு இருக்கும்போதே வண்டி அப்படியே செத்துப்போச்சு. இன்ஜின் நின்னுச்சு, எல்லா விளக்கும் சேர்ந்து அணைஞ்சுச்சு, ஓரமா நிறுத்தினா கண் சிமிட்டுமே அந்த மஞ்சள் விளக்குகூட எரியலை. சுரங்கத்துல பாதி விளக்கு அன்னைக்கு ரிப்பேர்ல இருந்துச்சு. பின்னாடி வந்த லாரிக்காரனுக்கு முன்னால ஒரு வண்டி நிக்கிறதே தெரியலை. ஒரே ஒரு சிவப்புப் பொட்டு தெரிஞ்சிருந்தாக்கூட பிரேக் அடிச்சிருப்பேன் சார்னு அந்த ஆளு போலீஸ் ஸ்டேஷன்ல குலுங்கிக் குலுங்கி அழுதானாம்.

இதைச் சொல்லிட்டு அவர் இன்னொண்ணும் சொன்னாரு. அதுக்கு முந்தின நாள் அவங்க வீட்டுல கரண்ட் போயிருச்சு. இவர் கார்ல போய் உட்கார்ந்து, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ரேடியோ கேட்டிருக்காரு. நாற்பது நிமிஷம். அவர் கணக்குல நிமிஷம் தப்பாது. ஆஸ்பத்திரியில வெச்சு பொண்ணுகிட்ட இதைச் சொல்லியிருக்காரு. அவ அப்படியே முகத்தைத் திருப்பிக்கிட்டாளாம். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனவ, அப்புறம் வீட்டுப் பக்கமே வரலை. போன் பண்ணினாலும் எடுக்கிறதில்லை.

"தம்பி, அந்த நாற்பது நிமிஷம்தான் காரணமா? எனக்காகப் பொய் சொல்ல வேணாம். ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க."

எனக்கு பதில் தெரியும். நாற்பது நிமிஷம் ரேடியோ பாடினா ஒரு பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது. மறுநாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. வேலை கத்துக்க வந்த முதல் மாசத்துலயே எனக்குத் தெரிஞ்ச விஷயம் இது.

தெரிஞ்சுக்கிட்டே நான் சொன்னேன்.

"பார்க்கணும் சார். பேட்டரி பழசா இருந்தா... அப்படியும் ஆகலாம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினாரு. சாவியை என் கையில வெச்சுட்டு டிப்போ பக்கமா நடந்து போனாரு, குடையை அப்பவும் விரிக்கலை. நான் ஒரு மனுஷன்தானான்னு அப்ப எனக்கே என்மேல காறித் துப்பணும்போல இருந்துச்சு. ஆனா கூப்பிட்டு நிறுத்தலை. நிறுத்தியிருந்தா என்னத்தைச் சொல்லியிருப்பேன்? இப்போ உங்ககிட்ட சொல்றதைத்தான் சொல்லியிருக்கணும்.

அந்த விபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி அக்கா அதே வண்டியை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி பேட்டரிப் படம் போட்டு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், பார்த்திருப்பீங்க. சாவியைத் திருப்பினதும் அது எரியணும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். ஓடும்போதும் எரிஞ்சா, பேட்டரிக்கு சார்ஜ் ஏறலை, இருக்கிற கரண்ட்ல வண்டி ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அக்கா வண்டியில அது முழுசா எரியலை, முழுசா அணையவும் இல்லை. கருக்கல்ல மட்டும் தெரியற மாதிரி மங்கலா ஒரு சிவப்பு. வேற யாரா இருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அவங்க தொழிலே கண்ணு.

மீட்டர் வெச்சுப் பார்த்தேன், சார்ஜ் ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. ஒண்ணுமில்லக்கான்னு அனுப்பிட்டேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க. சிக்னல்ல நிக்கும்போது ஹெட்லைட்டு மங்குதுன்னாங்க, வைப்பர் சோம்பேறியா ஆடுதுன்னாங்க. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைக் கழட்டிப் பிரிச்சுப் பார்த்திருக்கணும். அரை நாள் வேலை. வயரை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு, இப்ப சரியாயிருக்கும்னு சொன்னேன். மூணாவது தடவை வந்தப்போ வாசல்ல நாலு வண்டி நின்னுச்சு, நாலு வண்டிக்காரங்களும் நின்னாங்க. அவங்க முன்னாடியே அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, என்ன தம்பி, இந்த சிவப்பு உங்களுக்கே தண்ணி காட்டுதேன்னு.

சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. எனக்கு சுருக்குன்னு குத்திருச்சு.

அவங்களை டீக்கடைக்கு அனுப்பிட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருக்கிற மீட்டர் போர்டை வெளிய இழுத்தேன். பின்னாடி இருந்த அந்த சின்ன பல்பைத் திருகிக் கழட்டினேன். சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை.

அக்கா வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாங்க. சிவப்பு இல்லை. முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. நீங்கதான் தம்பி சரியான ஆளுன்னு அந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாங்க. நானும் வெக்கமே இல்லாம பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

அது மட்டும்னா வெறும் ஏமாத்து வேலையோட போயிருக்கும். அந்தப் பழைய மாடல்ல அந்த பல்பு எரியறதே ஆல்டர்னேட்டரை எழுப்பி விடறதுக்குத்தான். அது வழியா போற துளி கரண்ட்லதான் ஆல்டர்னேட்டர் கண் முழிச்சு வேலையைத் தொடங்கும். பல்பு இல்லைன்னா வண்டியை உறுமி ஓட்டினா எழுந்தாலும் எழும், மெதுவா ஓட்டினா தூங்கிக்கிட்டே இருக்கும். அக்கா மெதுவாத்தான் ஓட்டுவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு நாள்ல கூப்பிட்டு ஒழுங்கா பார்த்து, பல்பை மாட்டிடலாம்னு நினைச்சேன். ரெண்டு நாள் ஒரு வாரம் ஆச்சு, ஒரு வாரம் மூணு வாரம் ஆச்சு.

அதுக்கு நடுவுல அவங்க எனக்கு ஒரு கண்ணாடி செஞ்சு குடுத்தாங்க. நான் மீட்டரைக் கையை நீட்டித் தூரமா வெச்சுப் படிக்கிறதைப் பார்த்திருக்காங்க. கடைக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு, வட்ட வட்டமா ஓட்டை இருக்கிற ஒரு இரும்பு ஃபிரேமை மூக்குல மாட்டி, ஒவ்வொரு கண்ணாடிச் சில்லா மாத்தி மாத்திப் போட்டாங்க. டிக்னு ஒரு சத்தம், அப்புறம் மெதுவா, "இப்போ தெரியுதா?" மறுபடி டிக். "இப்போ?" அந்தக் கடையில எப்பவும் கண்ணாடி துடைக்கிற திரவத்தோட வாசனை அடிக்கும், கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் ஸ்பிரிட்டு. வண்டியை சரி பண்ணினீங்களே, இது என் பங்குன்னு சொல்லி ஒண்ணும் வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுதான் அன்னைக்கு அவங்க வண்டியைத் திறந்தேன்.

மத்தியானம் மழை வலுத்துருச்சு. சாரல் உள்ள அடிக்குதுன்னு ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஷெட்டுக்குள்ள இருட்டு கட்டிக்கிச்சு. பேட்டரியை வெளிய எடுத்து நாலடி தள்ளி இருந்த பெஞ்சுல வெச்சு, மீட்டரை வெச்சுப் பார்த்தேன். சுத்தமாக் காலி. எதிர்பார்த்ததுதான். சுரங்கம் வரைக்கும் சேமிச்சு வெச்சிருந்ததை மட்டும் தின்னுக்கிட்டு ஓடியிருக்கு.

என் திட்டம் என்னன்னு சொல்லிடறேன். அந்த பல்பு ஒரு டப்பாவுல பத்திரமா இருந்துச்சு. மறுபடி அதை மாட்டிட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. பேட்டரி பழசு, ரேடியோ கேட்டது தப்புன்னு முடிஞ்சுபோகும். அதை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்ந்தேன்.

போர்டைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் எடுக்கும்போது முன்னாடி இருந்த டிராயர் தானா திறந்துக்கிச்சு. வண்டியோட குடுக்கிற புத்தகம் மடியில வந்து விழுந்துச்சு. ஒரு பக்கத்துல அடையாளத்துக்குத் துண்டுச் சீட்டு வெச்சிருந்தாங்க. எச்சரிக்கை விளக்குகள் பக்கம். பேட்டரிப் படத்தைச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டிருந்தாங்க, பக்கத்துல பொடி எழுத்துல எழுதியிருந்தாங்க.

சாவி போட்டதும் எரியணுமாம். நம்ம வண்டியில எரியலை. தம்பி இது எரியாதுன்னு சொல்றார். தம்பிக்குத் தெரியும்.

ஆமா, போன் பண்ணினாங்க. புத்தகத்துல எரியணும்னு போட்டிருக்கே தம்பின்னு கேட்டாங்க. நான் இதைப் புது மாதிரி சரி பண்ணியிருக்கேன்க்கா, இனி எரியாதுன்னு சொன்னேன். அவங்க என்னை நம்பினாங்க, புத்தகத்தை விட என்னை நம்பினாங்க.

புத்தகத்தை மூடினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

பேட்டரி விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

மங்கலா. அவங்க முதல் தடவை காட்டின அதே மங்கல் சிவப்பு.

சாவி என் பையில இருந்துச்சு. பேட்டரி பெஞ்சு மேல. ரெண்டு வயரும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வெளிய இருந்து ஏதோ வெளிச்சம் அடிக்குதுன்னு கையை வெச்சு மறைச்சேன். கைக்குள்ளயும் சிவப்பா தெரிஞ்சுச்சு. போர்டை வெறி பிடிச்சவன் மாதிரி பிடுங்கி இழுத்துப் பின்னாடி பார்த்தேன். பல்பு இருக்க வேண்டிய இடத்துல நான் கழட்டின ஓட்டைதான் இருந்துச்சு.

அந்த ஓட்டையிலிருந்துதான் வந்துச்சு வெளிச்சம்.

கண்ணாடியைக் கழட்டினேன். இல்லை. ஒண்ணுமே இல்லை, வெறும் இருட்டு. நிம்மதியா மூச்சு விட்டு மறுபடி போட்டேன். மறுபடி சிவப்பு.

அப்பத்தான் அந்த வாசனை வந்துச்சு. கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் ஸ்பிரிட்டு. நசுங்கிப்போன பின் சீட்டுப் பக்கம் இருந்து வந்துச்சு. அங்க ஒரு பூனை உட்காரக்கூட இடம் கிடையாது.

டிக்.

என் காதுக்குப் பக்கத்துல.

"இப்போ தெரியுதா?"

கோவமா கேட்கலை. அதுதான் கொடுமை. கடையில கேட்பாங்களே, அதே பொறுமை, அதே மெதுவான குரல். கதவைத் திறக்கணும்னு தோணுது, கை எழும்ப மாட்டேங்குது.

டிக்.

மூக்குக்கண்ணாடிக்குள்ள என்னமோ மாறிச்சு. சிவப்பு இன்னும் பளிச்சுன்னு ஆச்சு. முன் கண்ணாடிக்கு வெளிய என் ஷட்டரைக் காணோம். வளைஞ்ச கூரை, ஈரமான சுவர், தூரத்துல ஒண்ணு விட்டு ஒண்ணு எரியற மஞ்சள் விளக்கு. மழைச் சத்தம் நின்னுபோச்சு. அதுக்குப் பதிலா உம்முன்னு ஒரு இரைச்சல், சுரங்கத்துக்குள்ள மட்டும் கேட்குமே, அது.

"இப்போ?"

டிக்.

முன்னாடி மாட்டியிருந்த கண்ணாடியில பின்பக்கம் தெரிஞ்சுச்சு. ரெண்டு வெள்ளை வெளிச்சம். சின்னதா இருந்துச்சு. பெருசாகிக்கிட்டே வந்துச்சு. யாரோ பக்கத்துல உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவை. ரெண்டு தடவை. வேகவேகமா. மூச்சு வாங்குறது கேட்டுச்சு. வெளிச்சம் கண்ணாடி முழுக்க வந்துருச்சு.

"தெரியுதுக்கா," ன்னு கத்தினேன். "எல்லாம் தெரியுதுக்கா. நான்தான்."

எப்படி வெளிய விழுந்தேன்னு தெரியலை. ஷட்டருக்குக் கீழ தவழ்ந்து ரோட்டுல கிடந்தேன், மழை மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள வண்டி இருட்டா, சத்தமில்லாம நின்னுச்சு.

அப்படியே நனைஞ்சபடி டிப்போவுக்கு ஓடினேன். போற வழியில பயத்தை விட வெக்கம்தான் என்னைத் தின்னுச்சு. வழியில தெரிஞ்சவங்க என்ன மீட்டர், என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. அவங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை.

டைம்கீப்பர் ரூம்ல அவர் மட்டும் இருந்தாரு. மேல ஒரு பெரிய கடிகாரம், முன்னாடி ரெஜிஸ்டர். நான் உட்காரலை. நின்னுக்கிட்டே, ஒண்ணு விடாம சொன்னேன். மூணு தடவை வந்தது, நாலு பேர் முன்னாடி எனக்கு குத்தினது, பல்பு, போன்ல சொன்ன பொய், காலையில அவர்கிட்ட சொன்ன பொய். பல்பை எடுத்து ரெஜிஸ்டர் மேல வெச்சேன். கடுகு மாதிரி இத்துனூண்டு பல்பு. அவர் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

எந்தத் தேதியில கழட்டினீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். காலையிலயா சாயங்காலமான்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவாரு, அடிப்பாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவர் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு என்கிட்ட நீட்டினாரு.

"என் போன்ல கூப்பிட்டா எடுக்க மாட்டா. இது ஆபீஸ் போன். அவகிட்ட சொல்லுங்க."

ரெண்டாவது தடவை சொல்றது முதல் தடவையை விடக் கஷ்டம். நான் முடிச்சதும் அந்தப் பொண்ணு, அப்பாகிட்ட குடுங்கன்னு சொன்னா.

அவர் வாங்கிக் காதுல வெச்சாரு. ம், ம்னு மட்டும் சொன்னாரு. கண்ணுல இருந்து கொட்டிக்கிட்டே இருந்துச்சு, துடைக்கக்கூட இல்லை. வெளிய ஒரு பஸ் கிளம்பிப் போச்சு. அதை அவர் எழுதலை.

நான் கிளம்பப் பார்த்தேன். அவர் போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாரு.

"அது அவ செஞ்ச கண்ணாடிதானே. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

கழட்டி அவர் கையில வெச்சேன். வாழ்க்கையில அவ்வளவு கூனிக் குறுகி நான் நின்னதில்லை. நேரா ஸ்டேஷனுக்குப் போய் அதையே மூணாவது தடவை சொல்லி எழுதிக் குடுத்தேன். கேஸ் நடக்குது. என்ன தண்டனை குடுத்தாலும் சரின்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். பொண்ணு வீட்டுக்கு வந்துட்டான்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நான் அந்தத் தெருப் பக்கம் போறதில்லை.

இதோட முடிஞ்சிருக்கணும். நானும் முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்.

கண்ணாடி இல்லாம மீட்டர்ல நம்பர் தெரியலை. மீட்டர்னு பேரை வெச்சுக்கிட்டு அடுத்தவங்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேன். போன வாரம், ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற வேற ஒரு கடைக்குப் போனேன். வெயில் கொளுத்துற பட்டப்பகல். சின்ன வயசுக்காரர் ஒருத்தர் உள்ரூம்ல உட்கார வெச்சாரு. சில்லு போடுற இரும்பு ஃபிரேமை மூக்குல மாட்டிட்டு, கையில படிக்கிற அட்டையைக் குடுத்தாரு. விளக்கைக் குறைச்சாரு. அதுக்குள்ள வாசல்ல யாரோ கூப்பிட, ஒரு நிமிஷம் சார்னு கதவைச் சாத்திட்டுப் போனாரு.

ஃபிரேம்ல இன்னும் ஒரு சில்லுகூடப் போடலை. அட்டையில எழுத்தெல்லாம் ஒரே புகையா இருந்துச்சு. வெளிய அவர் யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தது கேட்டுச்சு.

சோப்பு வாசனை. கொஞ்சம் ஸ்பிரிட்டு. எல்லா கண்ணாடிக் கடையிலயும் இதுதானே அடிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

டிக்.

வலது கண் பக்கம், ஃபிரேம்ல ஏதோ வந்து உட்கார்ந்துச்சு. மூக்குல அந்தக் கனம் தெரிஞ்சுச்சு.

அட்டையில எழுத்தைக் காணோம். நடுவுல சின்னதா, ரொம்பத் தெளிவா, சிவப்பா ஒரு பேட்டரிப் படம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் எழுந்து ஓடலை. எங்க ஓடுறது? ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, அடுத்த சில்லுக்காகக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.